90 காட்டுது, ஆனா திக்குதே! ஃபிரேம் ரேட் பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஃபிரேம் ரேட் பத்திதான், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தன ஃபிரேம் (படம்) திரைல வருதுங்கற எஃப்பிஎஸ் கணக்கு. அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டேன், ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேர்த்துட்டேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

கே: அண்ணே, என் கேம்ல மூலைல 90 எஃப்பிஎஸ்னு காட்டுது. ஆனா வேகமா ஓடும்போதும் திரும்பும்போதும் லேக் ஆகுது. 90 இருந்தும் ஏன் இப்படி? அந்த நம்பர் பொய்யா? (கல்லூரி மாணவர்)

ப: நம்பர் பொய் இல்ல தம்பி, ஆனா அது முழு கதைய சொல்லாது. முதல்ல ஒண்ணு, நாம எல்லாத்துக்கும் லேக்னு ஒரே வார்த்தைய வச்சிருக்கோம், நெட் சரியில்லாம எதிராளி குதிச்சு குதிச்சு வந்தாலும் லேக், மொத்தமாவே ஃபிரேம் கம்மியா ஓடினாலும் லேக், நல்லா போயிட்டு இருக்கும்போது படக்குனு ஒரு கணம் நின்னு ஓடினாலும் லேக். இது மூணும் வேற வேற வியாதி, மருந்தும் வேற வேற. உங்களுக்கு வந்திருக்கறது மூணாவது, ஸ்டட்டர்னு சொல்றது, பேசும்போது திக்குற மாதிரி கேம் திக்குது. இதுக்கும் நெட்டுக்கும் சம்பந்தம் இல்ல, நெட்டே இல்லாம தனியா ஆடுற கேம்லயும் வரும்.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. ஒரு செகண்டுக்கு 1000 மில்லிசெகண்ட். 60 எஃப்பிஎஸ்னா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லிசெகண்ட் கிடைக்குது. ஆனா அந்த 60 ஃபிரேமும் சமமா பிரிச்சு வரணும்னு எந்த சட்டமும் கிடையாது. 59 ஃபிரேம் தலா 10 மில்லிசெகண்ட்ல வந்துடுச்சு, மொத்தம் 590 ஆச்சு, மிச்சம் ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 410 மில்லிசெகண்ட் இழுத்துடுச்சுன்னு வைங்க. கூட்டினா சரியா 1000, கவுண்டர் ஜம்முனு 60னு காட்டும், ஆனா உங்க கண்ணு முன்னாடி கேம் கிட்டத்தட்ட அரை செகண்ட் உறைஞ்சு நின்னிருக்கும், அதுக்குள்ள உங்கள சுட்டுட்டு போயிருப்பான். ஆவரேஜ்னு ஒரு நம்பர்ல எல்லாத்தையும் கூட்டி வகுத்தா அந்த 410 எங்கயோ காணாம போயிடும்.

அதனால எஃப்பிஎஸ் பாக்குறத விட ஃபிரேம் டைம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வர எடுத்துக்கற நேரத்த பாருங்க. 2011ல தி டெக் ரிப்போர்ட்ங்கற வெப்சைட்ல ஸ்காட் வாசன் இதப்பத்தி விலாவாரியா எழுதின பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு ரிவ்யூ பண்றவங்களே ஆவரேஜ மட்டும் நம்பறத கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க, இன்னைக்கு எல்லாரும் போடுற 1 சதவீத லோ அந்த யோசனைல இருந்து வந்ததுதான். மெதுவா வந்த கடைசி 1 சதவீத ஃபிரேம்கள் எப்படி இருந்துச்சுன்னு அது சொல்லும். கணக்கு போடுற விதம் சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் கொஞ்சம் மாறும், அதனால ஒரே சாஃப்ட்வேர்ல எடுத்த நம்பரோட மட்டும் ஒப்பிடுங்க.

கேம் ஓடும்போதே இந்த நம்பரெல்லாம் திரைல காட்டுற சாஃப்ட்வேர் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோட வர்ற ரிவாட்யூனரும், ரெண்டும் இலவசம், எந்த கம்பெனி கார்டா இருந்தாலும் வேலை செய்யும். அதுல ஃபிரேம்டைம கிராஃபா காட்டச் சொல்லி வைங்க. கோடு நூல் பிடிச்ச மாதிரி போனா நல்ல ஆரோக்கியம், நடுநடுவுல முள்ளு மாதிரி குத்திட்டு நின்னா அந்த ஒவ்வொரு முள்ளும் நீங்க லேக்னு சொல்ற ஒரு கணம். ஒரு பத்து நிமிஷம் அந்த கோட்ட பாத்துகிட்டே ஆடுங்க, முள்ளு எப்ப வருதுன்னு கவனிங்க. புது ஏரியாக்குள்ள நுழையும்போது வருதா, முதல் தடவ ஒரு வெடி வெடிக்கும்போது மட்டும் வருதா, இல்ல ஒரு இடத்துல சும்மா நிக்கும்போதும் வருதா? முதல் தடவ மட்டும் வந்து அடுத்த தடவ வரலன்னா அது ஷேடர் கம்பைல் ஆகுறது, அதாவது அந்த எஃபெக்ட வரையறதுக்கான சின்ன புரோகிராம உங்க கார்டுக்கு ஏத்த மாதிரி அந்த நிமிஷத்துல தயார் பண்ணுது, அன்ரியல் எஞ்சின்னு கேம் உருவாக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதுல வந்த கேம்கள்ல இத நிறைய பாக்கலாம். டிரைவர் (கார்ட இயக்குற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணா மறுபடி முதல்ல இருந்து கம்பைல் ஆகும், அதனால அப்டேட் பண்ண அன்னைக்கு திக்குதுன்னு பயப்படாதீங்க. கேம் ஆரம்பத்துல ஷேடர் தயார் ஆகுதுன்னு ஒரு பார் ஓடினா தயவு செஞ்சு அத ஸ்கிப் பண்ணாம முடியட்டும்னு காத்திருங்க.

கே: ரெண்டு வருஷமா காசு சேர்த்து புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி போட்டேன். எஃப்பிஎஸ் 70 இருந்தது 76 ஆச்சு, அவ்வளவுதான். கார்டு டூப்ளிகேட்டா இருக்குமோ? (வேலைக்கு போகும் வாசகர்)

ப: படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா இத வாங்கறதுக்கு முன்னாடியே அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்கலாம். கார்டு மேல தப்பு இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி.

ஒரு ஃபிரேம் உருவாக ரெண்டு பேர் வேலை பாக்கணும். எதிரி எங்க நிக்குறான், கதவு திறந்திருக்கா, எதெல்லாம் வரையணும்னு முடிவு பண்ணி பட்டியல் குடுக்குறது கம்ப்யூட்டரோட மூளையான சிபியு. அத வாங்கி வரையறது ஜிபியு, அதாவது உங்க கிராபிக்ஸ் கார்டு. சித்தாள் செங்கல் எடுத்து குடுக்க குடுக்கத்தான் கொத்தனார் சுவர் எழுப்ப முடியும். நீங்க ரெட்டை வேகத்துல வேலை பாக்குற கொத்தனார கூட்டிட்டு வந்துட்டீங்க, செங்கல் எடுத்து குடுக்குறது அதே பழைய ஆள், அப்ப சுவர் எப்படி வேகமா எழும்பும்? புது கொத்தனார் பாதி நேரம் கைய கட்டிட்டு நிப்பார்.

சோதிச்சு பாக்குறது எப்படின்னா, கேம்ல ஒரு இடத்துல நின்னு எஃப்பிஎஸ் குறிச்சுக்கோங்க. இப்ப ரெசல்யூஷன மட்டும் 1080பில இருந்து 720பிக்கு இறக்குங்க, வேற எதையும் தொடாதீங்க. வரைய வேண்டிய புள்ளி பாதிக்கும் கீழ குறைஞ்சுடுது, அதனால ஜிபியுக்கு வேலை நல்லா இறங்கும், ஆனா சிபியு வேலை அப்படியேதான் இருக்கும். எஃப்பிஎஸ் கிடுகிடுன்னு ஏறினா இதுவரைக்கும் ஜிபியுதான் இழுத்துப் பிடிச்சிருக்கு. ஏறவே இல்லன்னா சிபியு பக்கம்தான் பிரச்சனை. உங்க மெஷின்ல ஏறாதுன்னு நினைக்கிறேன், பாத்துட்டு எழுதுங்க.

இங்க ஒரு இடத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. டாஸ்க் மேனேஜர்ல சிபியு 30 சதவீதம்தான் காட்டுது, அப்பறம் எப்படி சிபியு பிரச்சனையா இருக்கும்னு கேப்பாங்க. 8 கோர் 16 திரெட் சிபியுல (ஒரே நேரத்துல 16 வேலைய தனித்தனியா ஓட்டுறது) ஒரே ஒரு திரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்த கணக்குல அது 6.25 சதவீதம்தான். நிறைய கேம்ல முக்கியமான வேலை ஒண்ணு ரெண்டு திரெட் மேலதான் விழுது, மத்ததெல்லாம் சும்மா உக்காந்திருக்கும். அதனால சிபியு சதவீதத்த பாக்காதீங்க, ஜிபியு சதவீதத்த பாருங்க. அது 95க்கு மேலயே நின்னா ஜிபியு முழுசா உழைக்குது, எஃப்பிஎஸ்ஸுக்கு எந்த லிமிட்டும் போடாம இருக்கும்போதே ஜிபியு 60, 70 சதவீதத்துல தொங்கினா அதுக்கு யாரோ வேலை குடுக்கல.

இப்ப என்ன பண்றது? சிபியுவ அமுக்குற செட்டிங் சிலது இருக்கு, கூட்டம் எவ்வளவு, எவ்வளவு தூரம் வரைக்கும் காட்டணும், ஃபிசிக்ஸ், ரே டிரேசிங் (வெளிச்சம் போற பாதைய கணக்கு போட்டு வரையறது), இதெல்லாம் இறக்குங்க. அடுத்தது, இப்ப உங்க கார்டு சும்மா இருக்குதுல்ல, அதனால மத்த கிராபிக்ஸ் செட்டிங்க தாராளமா ஏத்துங்க, ரெசல்யூஷன கூட ஏத்துங்க, ஜிபியு முழுசா நிரம்பற வரைக்கும் எஃப்பிஎஸ் குறையாது, படம் மட்டும் அழகாகும். குடுத்த காசு அங்கயாவது உபயோகமாகட்டும். அதுக்கும் முன்னாடி கீழ இருக்கற ரேம் பதில படிங்க.

கே: 16 ஜிபி ரேம் இருக்கு, 32 ஆக்கினா எஃப்பிஎஸ் ஏறுமா?

ப: 16 நிரம்பி வழிஞ்சா மட்டும்தான் வித்தியாசம் தெரியும். ஆனா எவ்வளவு ரேம்னு கேக்குறவங்க எப்படி போட்டிருக்குன்னு கேக்குறதே இல்ல, எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் இது புரிஞ்சது. என் பழைய மெஷின்ல ரெண்டு 8 ஜிபி ஸ்டிக், போர்டுல நாலு ஸ்லாட், அசெம்பிள் பண்ணி குடுத்தவர் ரெண்டையும் பக்கத்து பக்கத்து ஸ்லாட்ல சொருகிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே ஓட்டினேன். பக்கத்து ஸ்லாட் ரெண்டும் ஒரே சேனல், அதனால ரெண்டு ஸ்டிக் இருந்தும் ஒத்தயடிப் பாதைலதான் டேட்டா போயிட்டு இருந்துச்சு. ஒரு நாள் தூசி தட்ட திறந்தப்ப போர்டு புத்தகத்த பிரிச்சு பாத்து, சிபியுல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுக்கு மாத்தினேன். அன்னைக்கு சாயங்காலம் அதே கேம், அதே தெரு, ஃபிரேம்டைம் கோட்டுல இருந்த முள்ளுல பெரும்பாலானத காணோம். பைசா செலவில்ல.

இன்னொண்ணு, 3200னு எழுதின டிடிஆர்4 ஸ்டிக் வாங்கினாலும் போட்ட உடனே பெரும்பாலும் அது அந்த வேகத்துல ஓடாது, 2133, 2400 மாதிரி கம்மி வேகத்துல உக்காந்திருக்கும். பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது உள்ள போற போர்டோட செட்டிங்) போய், ரேம முழு வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பிய நீங்கதான் ஆன் பண்ணணும், டிடிஆர்5ல ஏஎம்டி போர்டா இருந்தா எக்ஸ்போனு பேர் இருக்கும். டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ்ல மெமரிய தட்டினா ஸ்பீடுனு ஒரு வரி இருக்கு, இப்பவே போய் பாருங்க, நீங்க வாங்கின நம்பர் அங்க இருக்கான்னு. சிபியு திணறுற கேம்ல இந்த ஒரு மாத்தமே நல்லா தெரியும், லேப்டாப்ல ஒத்த ஸ்டிக் வச்சு வித்திருந்தா இன்னொண்ணு சேர்த்தா அதுவும் தெரியும்.

கே: மனுஷன் கண்ணுக்கு 24 ஃபிரேமுக்கு மேல தெரியாதாமே, அப்பறம் எதுக்கு 144?

ப: இத யாரு கிளப்பிவிட்டாங்களோ தெரியல, போகவே மாட்டேங்குது. 24ங்கறது சினிமாவுக்கு சத்தம் சேர்ந்த காலத்துல, 1920கள் கடைசில நிலைச்ச கணக்கு, கண்ணோட எல்லை இல்ல. சினிமாவுல ஒவ்வொரு ஃபிரேம்லயும் அசைவோட மங்கல் பதிஞ்சிருக்கறதால அது போதுமா தோணுது. அதவிட முக்கியம், படத்த நீங்க பாக்குறீங்க, கேம நீங்க ஓட்டுறீங்க. மவுச நகர்த்தினதுக்கும் திரை நகர்றதுக்கும் நடுவுல இருக்கற தாமதத்த கை உணரும். மவுச வச்சு வட்டம் போட்டு பாருங்க, முதல்ல 30ல லிமிட் வச்சு, அப்பறம் 60ல, யாரும் சொல்லித்தர வேணாம்.

கே: சார், என் பையன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் கேட்டான், வாங்கி குடுத்தேன். இப்ப 240 வேணும்ங்கிறான். நிஜமா தேவையா? (ஒரு அம்மா)

ப: வேணாம்மா, இப்போதைக்கு. ஹெர்ட்ஸ்னா மானிட்டர் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ படத்த மாத்துதுங்கறது. 60ல இருந்து 144 போனப்ப ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் இருந்தது 6.9 ஆச்சு, கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் லாபம். 144ல இருந்து 240 போனா 6.9 இருந்தது 4.2 ஆகும், லாபம் 3 கூட இல்ல. அதுவும் கம்ப்யூட்டர் நிஜமாவே 240 ஃபிரேம் போட்டாதான், அதுக்கு நல்ல சிபியு வேணும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க, இருக்கற மானிட்டர் நிஜமாவே 144ல ஓடுதான்னு பையன பாக்க சொல்லுங்க. புது மானிட்டர மாட்டினதும் விண்டோஸ் நிறைய நேரம் 60லயே விட்டுடும், டிஸ்ப்ளே செட்டிங்ல அட்வான்ஸ்டுக்குள்ள போய் நாமதான் மாத்தணும். மாசக்கணக்கா 60ல ஆடிட்டு 144 சூப்பர்னு சொன்னவங்கள நான் பாத்திருக்கேன், மாத்தி காட்டினதும் ரெண்டு நிமிஷம் பேச்சே வரல. கேபிள் எதுல சொருகியிருக்குன்னும் பாருங்க, கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கும்போது மதர்போர்டு போர்ட்ல சொருகினா அவ்வளவு காசு குடுத்து வாங்கின கார்டு முழுசா வேலை செய்யாது. மானிட்டர்ல ஃப்ரீசிங்க் இல்லன்னா ஜிசிங்க் (ஃபிரேம் வர்ற நேரத்துக்கு மானிட்டரையும் படம் மாத்த வைக்கறது) இருந்தா அதையும் ஆன் பண்ணி, எஃப்பிஎஸ் லிமிட்ட 141ல வைக்க சொல்லுங்க, ரெண்டு மூணு குறைச்சு வச்சாதான் எப்பவும் அந்த எல்லைக்குள்ளயே நிக்கும்.

கே: வி-சிங்க் ஆன் பண்ணா 60 இல்லன்னா 30, நடுவுல நிக்கவே மாட்டேங்குது, ஏன்?

ப: வி-சிங்க்னா மானிட்டர் படம் மாத்துற நேரம் வரைக்கும் ஃபிரேம காக்க வைக்கறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ படத்த மாத்துது. உங்க ஃபிரேம் 17ல தயாரானா அந்த பஸ்ஸ விட்டாச்சு, அடுத்த பஸ் 33.3லதான், அதனால 30க்கு விழுது. ஒரு ஃபிரேம் காத்திருக்கும்போதே அடுத்தத வரைய விடுற டிரிபிள் பஃபரிங் இருந்தா போட்டு பாருங்க, இல்லன்னா செட்டிங்க கொஞ்சம் இறக்கி ஃபிரேம் எப்பவும் 15க்குள்ள முடியற மாதிரி வைங்க. 70க்கும் 110க்கும் நடுவுல ஆடிட்டே இருக்கறத விட அசையாத ஒரு 60 கண்ணுக்கும் கைக்கும் நல்லது.

கே: என்ன பண்ணாலும் 60 தாண்டல.

ப: கேம் பேர எழுதலயே! எல்டன் ரிங் மாதிரி சில கேம்ல 60க்கு மேல போகவே விடாம பூட்டி வச்சிருக்காங்க. இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல, 1993ல வந்த டூம் 35 ஃபிரேமுக்கு மேல போகாது. கேம் பூட்டல்லன்னா வி-சிங்க், டிரைவர் கண்ட்ரோல் பேனல்ல எப்பவோ போட்டு மறந்த லிமிட், ரெண்டையும் பாருங்க.

கே: அண்ணா, லேப்டாப்ல முதல் பத்து நிமிஷம் சூப்பரா ஓடுது, அப்பறம் பாதியா குறைஞ்சுடுது. ஃபார்மட் பண்ணிட்டேன், அப்பவும் அதேதான்.

ப: ஃபார்மட் பண்ணி பிரயோஜனம் இல்லம்மா, சாஃப்ட்வேர் பிரச்சனையா இருந்தா பெரும்பாலும் முதல் நிமிஷமே தெரிஞ்சிருக்கும். பத்து நிமிஷம் கழிச்சு வருதுன்னா பெரும்பாலும் சூடுதான். சிபியு 95, 100 டிகிரி கிட்ட போனதும் தன்ன காப்பாத்திக்க தானே வேகத்த குறைச்சுக்கும். ஆஃப்டர்பர்னர்ல டெம்பரேச்சரையும் கிளாக் வேகத்தையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாருங்க, ஒண்ணு உச்சில போய் முட்டுற அதே நேரம் இன்னொண்ணு கீழ இறங்கினா சந்தேகமே வேணாம்.

மெத்தை மேல, தலகாணி மேல வச்சு ஆடாதீங்க, காத்து உள்ள போற ஓட்டையே அடியிலதான் இருக்கு. பின்பக்கத்த ரெண்டு விரல் தூக்கி வச்சாலே சில டிகிரி குறையும். ஃபேன்ல தூசி படிஞ்சு கம்பளி மாதிரி ஆகியிருக்கும், சுத்தம் பண்ணுங்க, மூணு நாலு வருஷம் ஆச்சுன்னா தெர்மல் பேஸ்ட் மாத்திடுங்க, சொந்தமா பிரிக்க தைரியம் இல்லன்னா தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. அதோட எஃப்பிஎஸ் லிமிட் ஒண்ணு போடுங்க, தேவையில்லாம 130 ஃபிரேம் போட்டு சூடாகி 50க்கு விழறதுக்கு பதிலா 75ல நிம்மதியா ஓடட்டும். சார்ஜர் எடுத்துட்டு பேட்டரில ஆடறத மறந்துடுங்க, அந்த கரண்ட் கேமிங் ஜிபியுக்கு பத்தாது.

கே: எந்த செட்டிங்க குறைச்சா படம் கெடாம எஃப்பிஎஸ் ஏறும்?

ப: முதல்ல நிழல். அல்ட்ரால இருந்து மீடியம் கொண்டு வாங்க, ஓடிட்டே இருக்கும்போது யாரும் நிழலோட ஓரத்த உத்து பாக்கறதில்ல. அடுத்து வால்யூமெட்ரிக்னு போட்டிருக்கற மூடுபனி, மேகம். அடுத்து ரிஃப்ளெக்ஷன். ரே டிரேசிங் எல்லாத்தையும் விட பசி அதிகம்.

டெக்ஸ்சர், அதாவது பொருள் மேல ஒட்டுற படம், அந்த விஷயம் தனி. அது வீரேம்ல (கார்டுலயே இருக்கற மெமரி) அடங்கற வரைக்கும் அல்ட்ரா வச்சாலும் எஃப்பிஎஸ் அவ்வளவா குறையாது, அதனால சும்மா லோ வச்சு படத்த கெடுத்துக்காதீங்க. ஆனா கார்டுல 8 ஜிபி இருந்து கேம் 9, 10 கேட்டுச்சுன்னா வழியறது சாதாரண ரேமுக்கு போகும், அங்க இருந்து எடுத்துட்டு வர்ற பாதை ரொம்ப மெதுவு, திக்க ஆரம்பிக்கும். அப்ப ஒரு படி இறக்கினா போதும். சாய்வா தெரியற தரை, சுவர தெளிவா காட்டுற அனிசோட்ரோபிக் செட்டிங்க 16ல விட்டுடுங்க, அது கிட்டத்தட்ட இலவசம்.

இதுக்கப்பறமும் பத்தலன்னா டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் மூணுல கேம்ல எது இருக்கோ அது. சின்ன சைஸ்ல வரைஞ்சு பெருசாக்கி காட்டுறது. 4கேல அதோட குவாலிட்டி மோட் வச்சா உள்ள 1440பிலதான் வரையுது, நல்லாவே இருக்கும். 1080பி மானிட்டர்ல குவாலிட்டி வச்சா உள்ள 720பிதான், அங்க இலை, முடி, கம்பி வேலி எல்லாம் கொஞ்சம் குழம்பும், பாத்து முடிவு பண்ணுங்க. டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேணும், மத்த ரெண்டும் வேற கார்டுலயும் ஓடும். இது ஜிபியு சுமைய மட்டும்தான் குறைக்கும், மேல சொன்ன புது கார்டு வாசகர் இத ஆன் பண்ணா ஒண்ணும் ஆகாது.

கே: ஃபிரேம் ஜெனரேஷன் ஆன் பண்ணேன், 35 இருந்தது 65 ஆச்சு. ஆனா மவுஸ் சேத்துல நகர்ற மாதிரி இருக்கு. இது ஏமாத்து வேலையா?

ப: ஏமாத்து வேலை இல்ல, நீங்க உபயோகிச்ச இடம் தப்பு. நிஜமா வரைஞ்ச ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல ஒண்ண கணிச்சு சொருகுறதுதான் இது. நடுவுல சொருகணும்னா ரெண்டாவது ஃபிரேம் ஏற்கனவே கைல இருக்கணும், அதனால அத கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்க வேண்டியிருக்கு. கண்ணுக்கு 65, ஆனா உங்க மவுஸ் சொல்றத கேட்டு வரைஞ்சது அதுல பாதிதான், அதுவும் முன்னவிட கொஞ்சம் தாமதமா. இத தர்ற ஏஎம்டி கம்பெனியே எஃப்எஸ்ஆர் 3 வந்தப்ப அடிப்படையா 60 இருக்கணும்னுதான் சொன்னாங்க. 70 இருக்கறத 120 ஆக்க, கதை சார்ந்த கேம நிதானமா ஆட, ரொம்ப நல்ல விஷயம். 35ல தவிக்கறவர கரையேத்தாது. முதல்ல செட்டிங் இறக்கி 60 கொண்டு வாங்க, அதுக்கப்பறம் ஆன் பண்ணுங்க. மவுஸ் தாமதத்த குறைக்கற ரிஃப்ளெக்ஸ் செட்டிங் இருந்தா அதையும் சேர்த்து போடுங்க.

கே: ஒரே கிளிக்ல எஃப்பிஎஸ் ஏத்தற பூஸ்டர் சாஃப்ட்வேர் எது நல்லது?

ப: எதுவும் வேணாம். பின்னாடி ஓடுற பிரவுசர், ரெக்கார்டிங், ஓவர்லே எல்லாத்தையும் கையாலயே மூடுங்க, பவர் மோட பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க, டிரைவர கார்டு கம்பெனி சைட்ல இருந்து மட்டும் எடுங்க. அந்த பூஸ்டர் பண்றதா சொல்றதும் பெரும்பாலும் இவ்வளவுதான், அதுவும் நாள் முழுக்க பின்னாடி ஓடிட்டே இருந்து அதுவே ஒரு சுமையாகும்.

ஏற்கனவே போட்டிருந்தா இன்னைக்கே எடுத்துட்டு, எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்த பிறகு ஒண்ணுன்னு ஃபிரேம்டைம் கிராஃப் ரெண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. அடுத்த இதழ்ல அத வச்சே பாக்கலாம்.